முட்டி வலிக்கு பி.ஆர்.பி. ஊசி: யாருக்குப் பயன்படும், யாருக்கு வேண்டாம்?

மார்கழி பிறந்தால் போதும், காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் எலும்பு மருத்துவம் பார்க்கும் என் போன்றவர்களிடம் ஒரே கோரிக்கையோடு பலர் வருவார்கள். "டாக்டர், தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கணும். அந்த பி.ஆர்.பி. ஊசியைப் போட்டா நடந்துரலாம்ல?" ஊசியின் பெயரை இப்போதெல்லாம் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். 'பிளேட்லெட் ரிச் பிளாஸ்மா' என்பதன் சுருக்கம்தான் பி.ஆர்.பி. நம் ரத்தத்திலிருந்தே பிளேட்லெட் செறிந்த பகுதியைப் பிரித்தெடுத்துப் போடும் ஊசி. சொந்த ரத்தமே மருந்து, ஆபரேஷன் வேண்டாம், தேய்ந்த ஜவ்வு மறுபடி வளரும் என்று வாட்ஸ்அப்பில் வீடியோ வந்திருக்கும். முதலில் சொன்னது சரி. கடைசியில் சொன்னதை நம்பிப் பணம் கட்டிவிடக் கூடாதே என்றுதான் இதை எழுதுகிறேன்.

பிளேட்லெட் என்ற சொல்லை டெங்கு காய்ச்சல் நம் வீடுகளுக்கு அறிமுகப்படுத்திவிட்டது. தமிழில் தட்டணுக்கள். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இருக்கும். அடிபட்ட இடத்தில் ரத்தத்தை உறைய வைப்பதோடு அவற்றின் வேலை முடிவதில்லை. அவற்றுக்குள் இருக்கும் நுண்ணிய பைகளிலிருந்து வளர்ச்சிக் காரணிகள் என்ற புரதங்கள் வெளிவந்து, புது ரத்தக்குழாய் உருவாகவும் புண் ஆறவும் தூண்டும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அந்த வீடியோ 'ஜவ்வு' என்று சொல்லும் மூட்டின் குருத்தெலும்புக்கு அறவே இல்லை. அதனால்தான் அங்கே பட்ட அடி சீக்கிரம் ஆறுவதில்லை. ரத்தம் போகாத இடத்துக்குத் தட்டணுக்களை நாமே கொண்டுபோய்ச் சேர்த்துப் பார்க்கலாம் என்பதுதான் இந்தச் சிகிச்சையின் யோசனை.

கையிலிருந்து 20 முதல் 60 மி.லி. வரை ரத்தம் எடுத்து, உறையாமல் இருக்க மருந்து சேர்த்து, சென்ட்ரிஃபியூஜ் இயந்திரத்தில் சுழற்றுவோம். குழாயை வெளியே எடுத்ததும் நோயாளியிடம் காட்டிவிடுவேன். அடியில் கருஞ்சிவப்பாகச் சிவப்பணுக்கள், மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த பிளாஸ்மா என்ற ரத்தநீர், நடுவே மெல்லிய வெளிறிய கோடு. தயிரைக் கடைந்தால் வெண்ணெய் திரள்வது போல, தட்டணுக்கள் அந்தக் கோட்டை ஒட்டித் திரண்டிருக்கும். வழக்கமான ரத்தத்தில் இருப்பதைப் போல 3 முதல் 5 மடங்கு வரை செறிந்த அந்தப் பகுதியில் சில மி.லி.யை மட்டும் எடுத்து, ஸ்கேனில் இடம் பார்த்துப் போடுவோம். அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம்.

கல்யாண வீடுகளில் அண்டாவில் கரண்டி போட்டுக் கிளறும் சமையல்கார அண்ணன்களுக்கு முழங்கையின் வெளிப்பக்கத் தசைநாணில் வலி வரும். டென்னிஸ் ஆடாதவருக்கும் அதன் பெயர் டென்னிஸ் எல்போ. ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில வாரங்களுக்குச் சொர்க்கம், ஓராண்டு கழித்துப் பார்த்தால் போடாதவரைவிட மோசமாக இருப்பவர்கள் உண்டு. நீரிழிவு இருந்தால் சில நாள் சர்க்கரையும் ஏறும். பி.ஆர்.பி.யில் அந்தச் சர்க்கரைத் தொல்லை இல்லை. ஓய்வும் பயிற்சியும் கொடுத்து மாதக்கணக்கில் ஆறாதவருக்கு மட்டும் இதைப் பற்றிப் பேசுவேன். அங்கேயும் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

முட்டி விஷயம்தான் பெரிது. முகப்புப் படியில் இறங்கும்போது ஓர் ஆச்சி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு காலாக வைத்தால் தேய்மானம் ஓரளவு போயிருக்கிறது என்று தெரியும். எந்த அளவு என்று அறிய, நின்றபடி எடுத்த எக்ஸ்ரே வேண்டும். படுக்க வைத்து எடுத்த படத்தில் எலும்புகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி சரியாகத் தெரியாது. ஆரம்ப, நடுத்தர நிலையில் பி.ஆர்.பி. சில மாதங்களுக்கு, சிலருக்கு ஓராண்டு வரை, வலியைக் குறைக்கலாம். எலும்போடு எலும்பு உரசிக் கால் வளைந்துவிட்டால் இந்த ஊசிக்குச் செலவழிக்க வேண்டாம். "எல்லாருக்கும் கேட்குதாமே டாக்டர்" என்பார்கள். ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் நடத்தி 2021-ல் வெளியான ஆய்வில், பி.ஆர்.பி. போட்டவர்களுக்கும் வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களுக்கும் ஓராண்டு கழித்து வலியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. குருத்தெலும்பும் வளரவில்லை. வேறு சில ஆய்வுகள் நல்ல பலனைக் காட்டுகின்றன. தயாரிக்கும் முறை இடத்துக்கு இடம் மாறுவதும் இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம்.

அதனால் ஊசிக்கு முன்னும் பின்னும் தொடைத் தசைப் பயிற்சியை விடவே கூடாது. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணும் வரை நிறுத்தி இறக்குங்கள். உடம்பு எடை 1 கிலோ குறைந்தால் ஒவ்வோர் எட்டிலும் முட்டி தாங்கும் பாரம் 4 கிலோ வரை குறைகிறது. எந்த ஊசியும் தராத லாபம் இது.

பாதயாத்திரைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஊசி போட்ட முதல் இரண்டு மூன்று நாள் வலி கூடத்தான் செய்யும். பலன் தெரிய 4 முதல் 6 வாரமாவது ஆகும். மார்கழிக் கடைசியில் போட்டுக்கொண்டு நத்தம், திண்டுக்கல் வழியே பழனிக்கு நடப்பது முட்டியை வதைப்பது. செய்வதானால் ஐப்பசியிலேயே வந்து காட்டுங்கள்.

ஊசிக்கு ஒரு வாரம் முன்பிருந்தே டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை நிறுத்த வேண்டும். தட்டணுக்களின் வேலையை அவை மட்டுப்படுத்திவிடும். போட்ட பிறகும் இரண்டு வாரம் வேண்டாம், தேவைப்பட்டால் பாராசிட்டமால் போதும். ஆனால் இதயத்துக்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் சாப்பிடுகிறவர்கள் இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. தட்டணு குறைவு, ரத்தப் புற்றுநோய், ஊசி போடும் இடத்தில் புண் அல்லது உடம்பில் கிருமித் தொற்று இருப்பவர்களுக்கு இந்தச் சிகிச்சை கிடையாது. ஊசிக்குப் பிறகு முட்டி சூடாகிச் சிவந்து வீங்கி, குளிர் காய்ச்சலும் வந்தால், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். அன்று இரவே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.