தோட்டத்துக் கறுப்புத் தண்ணீரும் பொன்பாசியும்

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், பகாவ் பக்கம் செம்பனைத் தோட்டங்களுக்குள் போகும் செம்மண் பாதையோரக் கால்வாய்களில், மழை விட்டுச் சில நாள் தண்ணீர் அசையாமல் நின்றால் அதன் மேல் ஒரு பளபளப்பு படியும். பார்த்தவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: ஆலை எண்ணெய், இல்லாவிட்டால் டிராக்டர் எண்ணெய். பல நேரம் உண்மையும் அதுதான். ஆனாலும் ஒரு குச்சியால் அந்தப் படலத்தைக் கிழித்துப் பாருங்கள். எண்ணெய் என்றால் கிழிந்த இடம் உடனே ஒட்டிக்கொள்ளும். சில்லுச் சில்லாக உடைந்து ஒட்டாமல் மிதந்தால் அது இரும்பு பாக்டீரியாக்களின் வேலை (நம் செம்மண்ணில் இரும்புக்கா பஞ்சம்). மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அது அபூர்வம்: வானவில் நிறம் எதுவும் காட்டாமல், நிழலான இடத்தில், ஒரு கோணத்திலிருந்து பார்த்தால் மட்டும் பொன்னிறமாக மின்னும், தலையைக் கொஞ்சம் திருப்பினால் காணாமல் போய்விடும். அது உயிருள்ள படலம். குரோமோஃபைட்டன் என்ற பொன்பாசியின் செல்கள் நீரின் மேல்தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து, சிறு காம்பில் காற்றில் நிற்கின்றன. வெளிச்சம் வந்த பக்கமே அதைத் திருப்பி அனுப்புவதால் அந்த மின்னல். ஐரோப்பியக் காட்டுக் குட்டைகளில் இதை நூறு ஆண்டுக்கும் மேலாகப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார்கள். நம் கால்வாயில் தெரிவது அதேதானா என்று நுண்ணோக்கி வைத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பொன்பாசிகளில் பெரும்பாலானவை இப்படி மேலே ஏறி நின்று தங்களைக் காட்டிக்கொள்வதில்லை. நன்னீருக்குள்ளேயே நீந்தித் திரியும் ஒற்றைச் செல் உயிர்கள், சில தனியாக, சில கூட்டமாக. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களுக்கு இதுவரை பெயர் வைத்திருக்கிறார்கள். ஏரன்பெர்க் என்ற ஜெர்மானியர் 1830களிலேயே சிலவற்றை விவரித்துவிட்டார், பாஷர் 1914 இல் தனி வகுப்பாகப் பிரித்தார். எல்லாப் பாசிக்கும் இருக்கிற பச்சையம் இதற்கும் உண்டு, ஆனால் ஃபுக்கோசாந்தின் என்ற பழுப்பு நிறமி அதை மூடிவிடுவதால் பச்சை தெரியாமல் பொன்னிறம் தெரிகிறது. சேமிப்பிலும் வேறுபாடுதான். செடிகள் மாவுச்சத்தாக வைப்பதை இவை கிரைசோலாமினாரின் என்ற கரையும் சர்க்கரையாக ஒரு பையில் வைத்துக்கொள்கின்றன, கூடவே எண்ணெய்த் துளிகளும்.

ஒரு குழப்பத்தை மட்டும் இங்கேயே தீர்த்துவிடலாம். 2022 இல் போலந்து, ஜெர்மனி வழியாக ஓடும் ஓடர் ஆற்றில் நூற்றுக்கணக்கான டன் மீன் செத்து மிதந்தபோது செய்திகளில் அடிபட்டதும் "பொன்பாசி"தான். அது பிரிம்னீசியம், உப்பு கலந்த நீரில் பெருகி நஞ்சு கக்குவது, வேறு குடும்பம். நாம் பேசுவது அதை அல்ல.

குடும்பம் என்றதும் இவற்றின் உறவுக்காரர்களைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் அவர்களில் ஒருவரை தோட்டத்து ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். பொன்பாசிச் செல்லுக்கு நீந்துவதற்குச் சாட்டை போன்ற இரண்டு கசையிழைகள்: ஒன்று நீளம், அதன் இரு பக்கமும் நுண்ணிய மயிர்கள், மற்றது குட்டை, வழுவழுப்பு. இந்தச் சமமில்லாத ஜோடிதான் ஒரு பெரிய குலத்தின் அடையாளம். கடலில் பல மீட்டர் உயரம் வளரும் கெல்ப் பாசியும் டயட்டம் என்ற நுண்பாசிகளும் அந்தக் குலம்தான், பைட்டோப்தோராவும் அதே குலம்தான். மழைக்காலத்தில் பால் (ரப்பர்) மரத்தின் வெட்டுப் பட்டையில் கறுப்புக் கோடு விழுந்து அழுகுகிறதே, டுரியான் மரத்தின் அடித்தண்டில் பிசின் வடிந்து பட்டை கெடுகிறதே, கொக்கோக் காய் கறுத்துப் போகிறதே, இந்த மூன்றையும் செய்வது பைட்டோப்தோரா பால்மிவோரா. பூஞ்சை என்று சொல்லித்தான் மருந்து அடிக்கிறோம், ஆனால் அது பூஞ்சையே இல்லை. ஈர மண்ணில் நீந்திப் போகிற அதன் வித்துகளிலும் அதே மயிர்க் கசை ஒன்று, வழுவழுக் கசை ஒன்று. பூஞ்சைக்கான சில மருந்துகள் இதன் மேல் வேலை செய்யாமல் போவதற்கும் இந்த உறவு வேறுபாடே காரணம்.

அந்த மயிர்க் கசையின் வேலை சுவாரசியமானது. வழுவழுப்பான கசை அலைபோல் அடித்தால் நீர் பின்னால் தள்ளப்படும், செல் முன்னே போகும். மயிர் இருந்தால் திசை தலைகீழாகிவிடுகிறது, கசை முன்னால் நீட்டியபடியே நீரைத் தன் பக்கம் இழுக்கிறது. செல் ஒரு இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால்? நீரோட்டம் அதன் மேல் வந்து மோதும், அந்த ஓட்டத்தோடு பாக்டீரியாக்களும் வந்து சேரும். எபிபிக்சிஸ் என்ற இனத்தில் இதை நுண்ணோக்கியில் படம்பிடித்துப் பார்த்திருக்கிறார்கள்: வந்த பாக்டீரியாவை இரண்டு கசைகளும் சேர்ந்து பிடித்துக்கொள்ள, செல் தன் உடலிலிருந்து ஒரு கிண்ணத்தை நீட்டி அதை வாங்கி உள்ளே இழுத்துச் செரித்துவிடுகிறது. பாசி என்று நாம் சொல்லும் ஒன்று, வெயிலில் சர்க்கரையும் தயாரித்துக்கொண்டு, அதே நேரம் வேட்டையும் ஆடுகிறது.

இது எவ்வளவு பெரிய வேட்டை என்பது 1986 இல்தான் தெரிந்தது. கனடாவின் கியூபெக் மாநில ஏரிகளில் டேவிட் பேர்டும் ஜேக்கப் கால்ஃபும் டைனோபிரியான் என்ற பொன்பாசியைப் பார்த்தார்கள். செல் ஒவ்வொன்றும் ஒளி ஊடுருவும் குவளை ஒன்றுக்குள் இருக்கும், குவளை மேல் குவளை முளைத்து ஒரு சின்ன மரமாகக் கிளைத்து மிதக்கும். அந்தச் செல் ஐந்து நிமிடத்துக்கு சுமார் மூன்று பாக்டீரியாவை விழுங்குகிறது என்று கணக்கிட்டார்கள். கேட்பதற்குக் குறைவுதான். ஏரி முழுக்கக் கூட்டிப் பார்த்தால், அங்கே பாக்டீரியா தின்பதற்கென்றே பேர்போன சின்ன இறால் இனங்கள், ரோட்டிஃபர், சிலியேட்டு என்ற நுண்ணுயிர்கள் எல்லாம் சேர்ந்து தின்பதைவிட இந்தப் பாசி அதிகம் தின்றிருக்கிறது.

வெயில் இருக்கும்போது எதற்கு இந்தச் சிரமம்? சர்க்கரைக்குப் பிரச்சினை இல்லை, பாஸ்பரஸும் நைட்ரஜனும்தான் பிரச்சினை. சத்து குறைந்த நீரில் கரைந்திருக்கும் கொஞ்சநஞ்சப் பாஸ்பரஸை உறிஞ்சுவதில் பாக்டீரியாவோடு போட்டி போட்டுப் பாசியால் ஜெயிக்க முடியாது. பாக்டீரியா அவ்வளவு சின்னது, உடலுக்கு ஒப்பிட்டால் மேல்பரப்பு அதிகம், அதனால் உறிஞ்சும் வேகமும் அதிகம். சரி, போட்டி எதற்கு, அதையே தின்றுவிட்டால் அது சேர்த்து வைத்த பாஸ்பரஸ் அப்படியே கிடைத்துவிடும். வைட்டமினும் கிடைக்கும். பி12 ஐ இயற்கையில் பாக்டீரியாக்களும் அவற்றின் நெருங்கிய வகை நுண்ணுயிர்களும் மட்டும்தான் தயாரிக்கின்றன. ஒரு பொன்பாசி இனத்துக்கு பி12 எவ்வளவு அத்தியாவசியம் என்றால், ஆய்வகங்களில் ஒரு திரவத்தில் எவ்வளவு பி12 இருக்கிறது என்று அளப்பதற்கே, அது எவ்வளவு வளர்கிறது என்று பார்த்துக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இதைப் புரிந்துகொண்டால் பொன்பாசியை எங்கே தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும், நான் சொல்ல வந்ததும் அதுதான். உரம் போட்ட, கோழிச்சாணம் கரைத்த, பச்சைப் பசேலென்ற திலாப்பியாக் குளத்தில் தேடிப் பயனில்லை. அங்கே பச்சைப்பாசியும் நீலப்பச்சைப்பாசியும் ஆளுக்கொரு பக்கம் அள்ளிக்கொண்டு போய்விடும், வேட்டைத் திறமைக்கு அங்கே மதிப்பில்லை. தேட வேண்டியது, தோட்டத்துப் பிள்ளைகளைக் கால் வைக்க விடாமல் "அழுக்குத் தண்ணீர்" என்று நாம் விரட்டுகிற, தே ஓ (பால் இல்லாத தேநீர்) நிறத்தில் நிற்கும் சதுப்பு நீரில். அந்த நிறம் அழுக்கு இல்லை, மக்கிய இலையிலிருந்தும் கரிச்சதுப்பு மண்ணிலிருந்தும் இறங்கிய சாறு. அந்த நீரில் தாது குறைவு, உரம் குறைவு, அமிலத்தன்மை அதிகம்.

அமிலம் ஏன் பிடிக்கிறது என்பதற்குக் காரணம் இருக்கிறது. பொதுவாகப் பாசிகள் பலவற்றுக்கு, நீரில் கரியமில வாயு குறைந்தால் பைகார்பனேட்டிலிருந்து கார்பனை எடுத்துக்கொள்ளும் ஒரு இயந்திரம் செல்லுக்குள் உண்டு. சோதித்துப் பார்த்த பொன்பாசிகளில் அது இல்லை. கரைந்த வாயுவாகவே கிடைத்தால்தான் உண்டு. பிஹெச் 5 உள்ள நீரில் கரைந்த கார்பனில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வாயுவாகவே இருக்கும், பிஹெச் 8 ஐத் தாண்டினால் ஏறக்குறைய எல்லாமே பைகார்பனேட்டாகிவிடும். ஆக, மீன் குளத்துக்குச் சுண்ணாம்பு போட்டு அமிலத்தைக் குறைக்கும்போது, மீனுக்கு நல்லது செய்கிற அதே கையால் பொன்பாசியின் மூச்சை அடைக்கிறோம்.

பகாவிலிருந்து பகாங் எல்லையைத் தாண்டினால் தாசேக் பெரா. கறுப்பு நீர், ரசாவ் தாழைப் புதர், சதுப்புக் காடு, கரையில் செமெலாய் ஓராங் அஸ்லி (பூர்வகுடி) கிராமங்கள். உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 1994 இல் சேர்ந்த மலேசியாவின் முதல் சதுப்பு நிலம் அதுதான். மீன் பிடிக்கவும் படகு விடவும் போகிற நம் ஆட்கள் அந்த நீரின் நிறத்தைப் பார்த்து முகம் சுளிப்பதுண்டு. பொன்பாசி தேடுகிறவருக்கு அந்த நிறம்தான் நல்ல அறிகுறி.

மேலே சொன்ன விதிக்கு ஒரு முரண் இருப்பதையும் மறைக்கக் கூடாது. ஜப்பானின் பிவா ஏரியில் 1977 மே மாதம் யூரோக்ளினா என்ற பொன்பாசி தண்ணீரே சிவந்து நாறும் அளவுக்குப் பெருகியது, மீன் கவிச்சி வாடை. வீட்டுக் கழிவும் சோப்புத் தூளின் பாஸ்பரஸும் ஏரியில் இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. குடும்பப் பெண்கள் திரண்டு சோப்புத் தூளை விட்டுப் பழைய சோப்புக்கு மாறினார்கள், 1979 இல் ஷிகா மாநிலம் பாஸ்பரஸ் கலந்த சோப்புத் தூளைத் தடைசெய்து சட்டமும் போட்டது. (செம்பனை ஆலைக் கழிவு நீருக்கு மலேசியா விதிமுறை கொண்டுவந்ததும் அதே 1977 தான்.) யூரோக்ளினாவும் பாக்டீரியா தின்னும் ரகம், பாக்டீரியா இல்லாமல் ஒழுங்காக வளராது. உரம் கொஞ்சம் ஏறினால் பாக்டீரியா பெருகும், தின்பவருக்கும் யோகம்தான், ஓர் அளவு வரை. சைனூரா என்ற இன்னொன்று குடிநீர்த் தேக்கங்களில் வெள்ளரிக்காய் வாடை கிளப்பும். அந்த வாடையை நுகர்ந்து பாசிக்குப் பெயர் சொல்லிவிடும் குடிநீர் ஊழியர்கள் குளிர்நாடுகளில் உண்டு.

சைனூராவும் அதன் சொந்தமான மல்லோமோனாஸும் உடல் முழுக்க சிலிக்காச் செதில் போர்த்தியவை. கண்ணாடி தயாரிக்கும் அதே சிலிக்கா. செதில் ஒவ்வொன்றும் செல்லுக்குள்ளே, ஒளிச்சேர்க்கை செய்யும் பசுங்கணிகத்தின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு பையில் வார்க்கப்பட்டு, வெளியே தள்ளப்பட்டு, ஓட்டு வீட்டின் ஓடுபோல ஒன்றன் மேல் ஒன்று ஏறி அடுக்கப்படுகிறது. மல்லோமோனாஸில் நீண்ட முட்களும் உண்டு. இனத்துக்கு இனம் செதிலின் கோலம் வேறு, அது எலக்ட்ரான் நுண்ணோக்கியில்தான் தெரியும். அதனால்தான் 1950கள் வரை இவற்றின் பன்மை யாருக்கும் பிடிபடவில்லை. மலேசியாவின் செதில் பொன்பாசிகளைப் பற்றிய முக்கியமான ஓர் ஆய்வு 1985 இல் வந்தது, செய்தவர்கள் டுர்ஷ்மிட், குரூம் என்ற வெளிநாட்டவர்கள். நம் ஊரில் தேடிப் பார்க்க இன்னும் எவ்வளவோ குளம் இருக்கிறது.

சிலிக்கா அழுகாது, ஏரியடிச் சேற்றில் அப்படியே கிடக்கும். கனடாவின் வடமேற்குப் பகுதியில் ஆர்க்டிக் வட்டத்துக்குப் பக்கத்தில், ஜிராஃப் பைப் என்ற இடத்தில், ஏறக்குறைய 4 கோடியே 80 லட்சம் ஆண்டுக்கு முந்தைய ஏரியின் சேறு கல்லாகிக் கிடக்கிறது. பீட்டர் சைவரும் கூட்டாளிகளும் அதைக் குடைந்து பார்த்தபோது கிடைத்த மல்லோமோனாஸ் செதில்களில் சில, இன்றைய இனங்களிலிருந்து பிரித்தறிய முடியாதவை. அதில் ஒன்று, இன்று வங்கதேசத்துப் பெயர் தாங்கி வெப்பநாட்டு நீரில் வாழும் இனம். இயோசீன் காலத்தில் பூமி அவ்வளவு சூடு, இன்று நம் பக்கத்துக் குளங்களில் இருப்பவை அன்று ஆர்க்டிக் ஓரத்தில் நீந்தியிருக்கின்றன. நான்கு கோடி ஆண்டுக்கு மேல் ஒரு செதிலின் கோலம் மாறாமல் இருப்பதை என்னால் இன்னும் சுலபமாக நம்ப முடியவில்லை.

இன்னொரு சிலிக்கா வேலையும் உண்டு. காலம் சரியில்லை என்றால் செல் தனக்குள்ளேயே ஒரு சிலிக்கா உருண்டையைக் கட்டி, ஒரே ஒரு துளை விட்டு, அதையும் அடைத்துக்கொண்டு சேற்றில் உறங்கும். மழை வந்து நிலைமை சரியானால் அடைப்பு கரையும், செல் வெளியேறும். இந்த உறக்கக்கூடுகளையும் செதில்களையும் அடுக்கடுக்காக எண்ணித்தான் வட அமெரிக்க ஏரிகளில் அமில மழை எப்போது தொடங்கியது என்று கண்டுபிடித்தார்கள்.

வேட்டையாடத் தெரிந்தால் பசுங்கணிகம் எதற்கு என்று கேட்கலாம், சில இனங்கள் அதற்குப் பதிலும் சொல்லிவிட்டன. ஸ்பூமெல்லா மாதிரி நிறமற்ற பொன்பாசிகள் ஒளிச்சேர்க்கையை அடியோடு விட்டுவிட்டு முழுநேர வேட்டைக்குப் போய்விட்டவை, அதுவும் ஒரே முறை அல்ல, பரிணாமத்தில் தனித்தனியாகப் பல முறை. வெப்பமும் அதே பக்கம் தள்ளுகிறது. ஓக்ரோமோனாஸ் என்ற பொன்பாசியை வைத்து 2013 இல் வெளியான ஒரு சோதனையில், சூடு ஏற ஏற அது வெயிலை நம்புவதைக் குறைத்துக்கொண்டு தின்பதை அதிகமாக்கியது. தின்பது கூடினால் கரியமில வாயுவை வெளியே விடுவதும் கூடும்.

பார்க்க ஆசைப்படுகிற இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்குப் பள்ளி நுண்ணோக்கியே போதும், 400 மடங்கில் டைனோபிரியானின் குவளை மரம் நன்றாகவே தெரியும், செதில்தான் தெரியாது. மெல்லிய துணி வலையில் வடிகட்டி, போத்தலை வெயிலில் வைக்காமல், அன்றைக்கே பாருங்கள். ஃபார்மலின் ஊற்றி வைத்தால் செல்கள் குவளையை விட்டு வெளியேறிச் சிதைந்துவிடும், அப்புறம் காலிக் குவளையைத்தான் எண்ண வேண்டியிருக்கும். அயோடின் கரைசல் சில துளி பரவாயில்லை.