கிராவிடாக்சிஸ்: தமிழில் என்ன சொல்லலாம்?

யூக்ளினா என்ற நுண்ணிய ஒருசெல் உயிரி வளரும் நீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி இருட்டில் நிறுத்திவைத்தால், கொஞ்ச நேரத்தில் பெரும்பாலானவை மேற்பரப்பில் கூடிவிடும். வெளிச்சமே இல்லை, ஆனாலும் மேலே எது என்று அவற்றுக்குத் தெரிகிறது. நீந்தும் ஒருசெல் உயிரி இப்படி ஈர்ப்புவிசையை வைத்துத் திசை பிடிப்பதற்குப் பெயர் கிராவிடாக்சிஸ்.

இலத்தீனில் ‘கிராவிஸ்’ என்றால் கனமானது. கிரேக்கத்தில் ‘டாக்சிஸ்’ என்றால் ஒழுங்கு, அணிவகுப்பு. போர்த்தந்திரத்தைக் குறிக்கும் ‘டாக்டிக்ஸ்’ இதன் உறவுக்காரச் சொல்தான். பழைய நூல்களில் ‘ஜியோடாக்சிஸ்’ என்று இருக்கும். அதில் ‘ஜியோ’ பூமி. ஆனால் செல்லுக்குப் பூமி பொருட்டே இல்லை. 1994இல் கொலம்பியா விண்ணோடத்தில் யூக்ளினாவை மெல்லச் சுழற்றிப் பார்த்தார்கள். எடையற்ற அந்த இடத்தில், சுழற்சியால் புவியீர்ப்பில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு முடுக்கம் கிடைத்ததுமே அது திசை பிடிக்கத் தொடங்கிவிட்டது.

‘கனம்’ என்ற வேர் இங்கே அழகாகப் பொருந்துகிறது. 0.05 மி.மீ. நீளமுள்ள யூக்ளினாவின் உடல், நீரைவிடச் சுமார் 5 விழுக்காடு அடர்த்தி கூடியது. உள்ளிருக்கும் பொருள் கீழ்ப்பக்கச் சவ்வை அழுத்துகிறது. அங்குள்ள கால்வாய்கள், அதாவது அயனிகளை விடும் நுண்வாயில்கள், திறந்து கால்சியம் அயனிகள் உள்ளே வருகின்றன. நீந்த உதவும் சாட்டை போன்ற கசையிழையின் அடிப்பு மாறி உடல் திரும்புகிறது. சரி, அழுத்தம்தான் காரணம் என்று எப்படித் தெரியும்? வெளிநீரின் அடர்த்தியைச் செல்லின் அடர்த்திக்குச் சமமாக ஏற்றினால் யூக்ளினா திசை தடுமாறுகிறது! லோக்சோடஸ் என்ற குற்றிழை உயிரி (உடலில் குட்டை மயிர்போன்ற இழைகள் கொண்டது) இன்னும் ஒரு படி மேல்: பேரியம் சல்பேட் மணியைப் பையில் வைத்துக்கொண்டு அதன் சாய்வை உணர்கிறது.

இனி தமிழ். ‘புவிநாட்டம்’ என்று எழுதினால் இரண்டு சிக்கல். வேர் மண்ணுக்குள் வளைந்து வளர்வதற்கு அந்தச் சொல் ஏற்கெனவே இருக்கிறது; அது வளர்ச்சி, இது நீச்சல். அப்புறம், நாட்டம் என்றால் விருப்பம். மேலே ஏறி ஓடும் யூக்ளினாவுக்குப் புவிமேல் என்ன நாட்டம்? என் தேர்வு ‘ஈர்ப்புசார் நகர்வு’. கீழிறங்கினால் நேர், மேலேறினால் எதிர். யூக்ளினா இளம் வளர்ப்பில் கீழேயும் முதிர்ந்த வளர்ப்பில் மேலேயும் போகும் என்பதால் இந்த இரண்டு அடைமொழிகளும் தேவை.

பாரமீசியம் என்ற இன்னொரு குற்றிழை உயிரி மேலேறும்போது கூடுதல் விசையுடன் நீந்தி, தான் அமிழ்வதை ஓரளவு ஈடுகட்டும். அது திசை அல்ல, வேகம். ஆகவே ‘ஈர்ப்புசார் வேகமாற்றம்’ என்று தனியே வைக்கலாம்.