டிராக்கரின் பேட்டரியைத் தின்பது ஜிபிஎஸ் மட்டுமா?

வண்டி இருக்கும் இடத்தைப் பார்த்து அனுப்பும் டிராக்கர் சில நாளிலேயே படுத்துவிட்டால் பழி முதலில் ஜிபிஎஸ் மீதுதான் விழும். கணக்குப் போட்டால் வேறு ஆட்கள் அகப்படுவார்கள்.

ஜிபிஎஸ் மாட்யூல் ஓடும்போது சுமார் 25 மில்லிஆம்பியர் இழுக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் பார்த்தால் நாளுக்கு 144 தடவை. ஒவ்வொரு தடவையும் 35 விநாடி எடுத்தால் நாளுக்கு 35 எம்ஏஎச் (மில்லிஆம்பியர்-மணி, பேட்டரிக் கொள்ளளவின் அலகு). இவ்வளவு நேரம் ஏன்? செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தை விநாடிக்கு 50 பிட் வேகத்தில்தான் அனுப்புகிறது. ஒரு சுற்று முடிய 30 விநாடி. ஆனால் ஒருமுறை வாங்கிய அந்த விவரம் ஏறக்குறைய நான்கு மணி நேரம் செல்லுபடியாகும். ஜிபிஎஸ் மாட்யூலின் மெயின் சப்ளையை அணைத்தாலும், அந்த விவரத்தை நினைவில் வைத்திருக்கும் பேக்கப் பின்னுக்கு (தனி மின்முனை) மின்சாரம் இருக்கட்டும். சில மைக்ரோஆம்பியர்தான் செலவு. அடுத்த முறை வெட்டவெளியில் சில விநாடியிலேயே இடம் கிடைத்துவிடும். இரண்டையும் ஒரே டிரான்சிஸ்டரில் அணைப்பதுதான் வழக்கமான தப்பு.

அனுப்பும் செலவு இதைவிடப் பெரிது. ஒவ்வொரு தடவையும் 2ஜி மாட்யூல் எழுந்து, நெட்வொர்க்கில் பதிந்து, தகவலை அனுப்ப 20 விநாடி, சராசரி 100 மில்லிஆம்பியர் என்று வையுங்கள்: நாளுக்கு 80 எம்ஏஎச். ஆறு இடங்களைச் சேர்த்து மணிக்கொருமுறை அனுப்பினால் 13தான். திருட்டு எச்சரிக்கை போன்ற அவசரத்தை மட்டும் உடனே அனுப்பலாம்.

சிக்னல் குறைந்த இடத்தில் மாட்யூல் முழுச் சக்தியில் கத்தும். அப்போது 2 ஆம்பியர் வரை துடிப்புகள் வரும். பாதி தீர்ந்த பேட்டரியும் மெல்லிய வயரும் சேர்ந்தால் வோல்டேஜ் சரிந்து மாட்யூல் ரீசெட் ஆகும், மறுபடி பதியும், மறுபடி சரியும். வயரைக் குட்டையாகவும் தடிமனாகவும் போடுங்கள். மாட்யூலின் சப்ளை முனைக்கு அருகே 1000 மைக்ரோஃபாரட் லோ-இஎஸ்ஆர் (உள் மின்தடை குறைந்த) கபாசிட்டர் வையுங்கள்.

கூரைக்கடியில் ஜிபிஎஸ் தேடிக்கொண்டே இருந்தால் நாளுக்கு 600 எம்ஏஎச் போய்விடும். 60 விநாடியில் கிடைக்காவிட்டால் விட்டுவிடச் சொல்லி நிரலில் எழுதுங்கள். வண்டி அசையாதபோது தேடவே வேண்டாம். அசைவை எல்ஐஎஸ்3டிஎச் போன்ற சென்சார் சில மைக்ரோஆம்பியரில் பார்த்துக்கொள்ளும்.

யாரும் சந்தேகப்படாத ஆள், வோல்டேஜைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர். ஏஎம்எஸ்1117 என்ற ரெகுலேட்டர் சும்மா இருக்கும்போதே 5 மில்லிஆம்பியர் குடிக்கும், நாளுக்கு 120 எம்ஏஎச். நிரலை ஓட்டும் சிப்பான மைக்ரோகன்ட்ரோலரை எவ்வளவு தூங்கவைத்தும் பயனில்லை. அதற்குப் பதில் எம்சிபி1700 ரெகுலேட்டர் போட்டால் இந்தச் செலவு இரண்டு மைக்ரோஆம்பியர் அளவுக்கு இறங்கும். ஆனால் 250 மில்லிஆம்பியருக்கு மேல் தாங்காது, 2ஜி மாட்யூலுக்கு பேட்டரியிலிருந்து நேரடி லைன் கொடுங்கள்.

தூக்க மின்னோட்டத்தை மல்டிமீட்டரின் மைக்ரோஆம்பியர் ரேஞ்சில் அளக்கும்போது டிராக்கர் விழித்துக்கொண்டால் மீட்டரிலேயே வோல்டேஜ் விழுந்து ரீசெட் ஆகும். மீட்டரின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு சுவிட்சை ஆன் செய்து வைத்து, டிராக்கர் தூங்கிய பிறகு அதை ஆஃப் செய்து அளவைப் பாருங்கள்.