எலிஃப்: ஓர் எழுத்தின் பெயர் பெண்ணின் பெயரான வரலாறு

எலிஃப் என்பது துருக்கியில் பெண் குழந்தைகளுக்கு இடப்படும் பெயர். அண்மைக் காலத்தில் அந்நாட்டில் மிகுதியாக இடப்பட்ட பெண்பாற் பெயர்களுள் ஒன்று. தனித்தும் வரும், எலிஃப் நூர், எலிஃப் சு, எலிஃப் நாஸ் என்று பிற சொற்களோடு இணைந்தும் வரும். துருக்கியர் இதை ஒலிக்கும்போது அழுத்தம் இரண்டாம் அசையில் விழுகிறது. இதன் நேர்ப்பொருள் அரபு நெடுங்கணக்கின் முதல் எழுத்தாகிய 'அலிஃப்' என்பதே. அதாவது, பண்பையோ பூவையோ விண்மீனையோ குறிக்காமல், ஓர் எழுத்தையே குறிக்கும் பெயர் இது.

ஓர் எழுத்தின் பெயர் எவ்வாறு ஆட்பெயராயிற்று என்பதற்கு அந்த எழுத்தின் வடிவமே முதற்காரணம். அலிஃப் மேலிருந்து கீழாக இழுத்த ஒற்றை நேர்கோடு. அதற்குப் புள்ளி இல்லை, வளைவு இல்லை. தனக்கு அடுத்து வரும் எழுத்தோடு அது கைகோப்பதும் இல்லை. நெடிது நிமிர்ந்து மெலிந்து நிற்கும் இந்த வடிவத்தில் ஒரு பெண்ணின் மெல்லிய உருவைக் கண்டவர்கள் பாரசீக, உதுமானியக் கவிஞர்கள். காதலியின் உடல்வாகுக்கு சைப்ரஸ் மரத்தைச் சொல்வதைப் போலவே அலிஃபையும் அவர்கள் உவமையாகச் சொன்னார்கள். துருக்கிப் பேச்சுவழக்கில் இன்றும் 'எலிஃப் போல' என்றால் மெலிந்து நேராக இருப்பது என்றே பொருள். துருக்கியின் ஆசியப் பகுதியான அனதோலியாவின் நாட்டுப்பாடல்களில் எலிஃப் என்னும் பெண் மீண்டும் மீண்டும் வருவதற்கும் இந்த உவமையே வழி திறந்திருக்கிறது.

சூஃபி மரபு இதற்கு இன்னொரு பொருளடுக்கைச் சேர்த்தது. 'அல்லாஹ்' என்னும் சொல்லின் முதலெழுத்து அலிஃப். எழுத்துகளை எண்களாகக் கொள்ளும் பழைய 'அப்ஜத்' முறையில் அதன் மதிப்பு ஒன்று. வடிவமும் ஒன்று என்னும் இலக்கத்தைப் போன்றதே. ஆகவே இறைவனின் ஒருமைக்கு அலிஃப் குறியீடாயிற்று. அந்த ஓர் எழுத்தை உண்மையில் அறிந்தவனுக்கு வேறு நூல் வேண்டியதில்லை என்னும் கருத்து அனதோலிய ஞானக் கவிகளிடையே பெருவழக்காக இருந்தது. மகளுக்கு எலிஃப் என்று பெயரிடும் பெற்றோரில் சிலர் அழகை நினைக்கிறார்கள், சிலர் இறைமையை நினைக்கிறார்கள். பெயர் இரண்டுக்கும் இடம் தருகிறது.

எழுத்தணிக் கலையிலும் அலிஃபுக்குத் தனியிடம் உண்டு. பாக்தாதில் அப்பாசியக் கலீஃபாக்களிடம் அமைச்சராக இருந்து 940ஆம் ஆண்டில் மறைந்த இப்னு முக்லா வகுத்ததாகக் கருதப்படும் அளவை முறையில், நாணல் எழுதுகோலின் முனை தாளில் பதிக்கும் சாய்சதுரப் புள்ளியே அடிப்படை அலகு. அப்புள்ளிகளைக் கொண்டு அலிஃபின் உயரம் கணிக்கப்படும். அலிஃபை விட்டமாகக் கொண்டு ஒரு வட்டம் வரையப்படும். மற்ற எழுத்துகளின் வளைவுகளும் நீளங்களும் அவ்வட்டத்தைக் கொண்டு அளக்கப்படும். முதலெழுத்து என்பது வரிசையில் மட்டுமன்று, அளவிலும்தான்.

அரபியில் 'அலிஃப்' என்று இருப்பது துருக்கியில் 'எலிஃப்' என்றானது அம்மொழியின் ஒலியியல்பால். அரபுச் சொற்களின் குறில் அகரம் பல இடங்களில் துருக்கிய வாயில் எகரமாகிவிடும். அமீனா எமினே ஆனதும், அஸ்மா எஸ்மா ஆனதும் அவ்வாறே. உதுமானியர் காலத்தில் அரபு எழுத்திலேயே துருக்கிமொழி எழுதப்பட்டதால், ஒலி மாறினும் எழுத்துக்கூட்டல் மாறவில்லை. அலிஃப், லாம், ஃபே என்னும் மூன்று எழுத்துகளால் அப்பெயர் எழுதப்பட்டது. எலிஃப் என்னும் பெண் தன் பெயரை எழுதத் தொடங்கும்போது முதலில் இட்ட எழுத்து எலிஃப்பாகவே இருந்தது. 1928 நவம்பர் 1 அன்று நிறைவேறிய எழுத்துச் சீர்திருத்தச் சட்டம் அரபு எழுத்தை நீக்கி, 29 எழுத்துகள் கொண்ட இலத்தீன் வரிவடிவத்தைக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து இப்பெயர் புதிய வரிசையில் ஆறாம் எழுத்தாகிய எகரத்தில் தொடங்குகிறது. முதலெழுத்தின் பெயரைத் தாங்கியவர் வருகைப்பதிவில் ஆய்ஷேக்கும் புராக்குக்கும் பின்னால் நிற்க நேர்ந்தது இந்தச் சட்டத்தால்தான்.

பெயர் அகராதிகள் சில எலிஃப் என்பதற்கு 'நட்புடையவள், பழகுதற்கு இனியவள்' என்றும் பொருள் தருகின்றன. இது தவறன்று, ஆனால் வேறொரு சொல்லின் பொருள். அரபியில் 'அலீஃப்' என்று ஈகார நெடிலோடு ஒரு சொல் உண்டு. பழக்கப்பட்ட, இணக்கமான, வீட்டோடு ஒட்டிய என்பன அதன் பொருள்கள். நெடில் குறுகும் துருக்கிய வழக்கில் அலிஃபும் அலீஃபும் ஒரே ஒலியில் வந்து விழுந்துவிட்டன. இரண்டும் அலிஃப், லாம், ஃபே என்னும் ஒரே மூன்று மெய்களைக் கொண்டவை. அதே மெய்களிலிருந்து பிறந்தவையே 'உல்ஃபத்' (அன்பு, பழக்கம்), 'தஃலீஃப்' (ஒன்றிணைத்தல், நூல் யாத்தல்), 'முஅல்லிஃப்' (நூலாசிரியர்), 'அல்ஃப்' (ஆயிரம்) ஆகியவையும்.

இனி எழுத்தின் பெயர் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். அரபிக்குள் மட்டும் தேடினால் விடை கிடைக்காது. ஏனெனில் அரபியில் அலிஃப் என்பது எழுத்தின் பெயர், அவ்வளவே. செமித்திய மொழிகள் எனப்படும் அதன் இனமொழிகளிடம் போனால் செய்தி வேறு. பண்டை மெசபடோமியாவின் அக்காதிய மொழியில் 'அல்பு' என்றால் எருது. பண்டைச் சிரியாவின் உகரித் மொழியிலும் இன்றைய லெபனான் கரையில் வழங்கிய பினீசியத்திலும் 'அல்ப்' என்றால் எருது. எபிரேயத்தின் பழைய நூல்களில் மாட்டைக் குறிக்க இதே வேரிலிருந்து வந்த 'எலெஃப்' வழங்குகிறது. அரபி தன் எருதுக்கு 'தவ்ர்' என்னும் வேறு சொல்லை வைத்துக்கொண்டதால், எழுத்தின் பெயருக்குள் இருந்த விலங்கு அங்கே மறைந்துபோயிற்று.

அந்த விலங்கு வெறும் பெயரளவில் இருந்ததன்று, படமாகவே இருந்தது. 1904-05 குளிர்காலத்தில் சினாய்த் தீபகற்பத்திலுள்ள செராபித் அல்-காதிம் என்னும் இடத்தில் ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி அகழாய்வு செய்தார். எகிப்தியர் நீலப்பச்சைக் கல் வெட்டியெடுத்த சுரங்கப் பகுதி அது. அங்கே எகிப்தியச் சித்திர எழுத்தைப் போலத் தோன்றினும் அவ்வாறு படிக்க இயலாத சில கல்வெட்டுகள் கிடைத்தன. படங்களின் வகைகள் மிகக் குறைவு. ஆகவே அது சொல்லெழுத்தாக இருக்க முடியாது, ஒலியெழுத்தாகவே இருக்க வேண்டும். 1916இல் எகிப்தியவியல் அறிஞர் ஆலன் கார்டினர் இதற்கு ஒரு திறவுகோலை முன்வைத்தார். ஒவ்வொரு படமும் தான் காட்டும் பொருளின் செமித்தியப் பெயரிலுள்ள முதல் ஒலியை மட்டும் குறிக்கிறது என்பதே அது. வீட்டின் படம் 'பைத்' என்பதன் பகர ஒலியைத் தரும். கண்ணின் படம் 'அயின்' என்பதன் முதல் ஒலியைத் தரும். அம்முறையில் அவர் 'பஅலத்' என்னும் பெண் தெய்வத்தின் பெயரை அக்கல்வெட்டுகளில் படித்துக் காட்டினார். பின்னர் 1990களில் எகிப்தின் வாதி அல்-ஹோல் பள்ளத்தாக்கிலும் இதே வகைப் பொறிப்புகள் கண்டறியப்பட்டன. இவை யாவும் ஏறத்தாழ பொ.ஆ.மு. 19ஆம் நூற்றாண்டுக்கும் 15ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். காலக்கணிப்பில் கருத்து வேறுபாடு உண்டு.

அங்கே கொம்போடு கூடிய எருதின் தலை வரையப்பட்டிருக்கிறது. அது குறித்த ஒலி அகரம் அன்று என்பதைத் தமிழ் வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். 'அல்ப்' என்று செமித்தியர் ஒலிக்கும்போது, உயிருக்கு முன்னால் குரல்வளை ஒரு நொடி அடைபட்டுத் திறக்கும். அவ்வடைப்பே ஒரு மெய்யாகக் கணக்கிடப்பட்டது. எருதின் தலை குறித்தது அந்த மெய்யைத்தான். 22 எழுத்துகள் கொண்ட பினீசிய வரிசையில் எல்லாமே மெய்கள். உயிருக்கென்று எழுத்தே கிடையாது.

பினீசியர் கைக்கு வந்தபோது எருதின் தலை பக்கவாட்டில் சாய்ந்து, கூர்முனையைக் குறுக்கே ஒரு கோடு வெட்டும் வடிவமாகச் சுருங்கிவிட்டது. கிரேக்கர் அதைக் கடன் வாங்கியபோது அவர்கள் மொழியில் அந்தக் குரல்வளை மெய் இல்லை. ஆகவே வேலையற்றுக் கிடந்த அவ்வெழுத்தை அவர்கள் அகர உயிருக்குக் கொடுத்துவிட்டார்கள். பெயர் 'ஆல்ஃபா' ஆயிற்று. ஏதென்ஸில் கிடைத்த, பொ.ஆ.மு. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த டிப்பிலான் மட்கலத்தின் பொறிப்பில் ஆல்ஃபா இன்னும் படுத்தே கிடக்கிறது. பின்னர்தான் கொம்புகள் தரையில் ஊன்றிய கால்களாக மாறி இலத்தீனுக்குச் சென்றது. ஆல்ஃபா என்பதற்குக் கிரேக்க மொழியில் பொருளேதும் இல்லை. எனினும் பினீசியர் எருதை அவ்வாறு அழைத்தனர் என்னும் செய்தி பண்டைய உலகில் முற்றிலும் மறக்கப்படவில்லை. கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் அதைக் குறிப்பிடுகிறார்.

இன்னொரு கிளை அரமேயம் வழியாகக் கிழக்கே சென்றது. அரமேயத்திலிருந்து நபாத்தேய எழுத்து, அதிலிருந்து அரபு எழுத்து என்று இறங்கி வருகையில், விரைந்து எழுதும் கைகள் கொம்பையும் முகத்தையும் ஒவ்வொன்றாகக் கழித்துவிட, கடைசியில் மிஞ்சியது ஒரு நிற்கும் கோடு. கவிஞர்கள் மெல்லிடையைக் கண்ட அந்தக் கோடு கொம்பிழந்த எருதின் மிச்சம் என்பதை அவர்கள் அறிந்திருக்க வழியில்லை. அரமேயத்திலிருந்தே சோக்தியம் வழியாகப் பழைய உய்குர் எழுத்தும் வந்தது. இடைக்காலத்தில் துருக்கிய மொழிகள் அதிலும் எழுதப்பட்டன. எனவே துருக்கியர் இந்த எருதை மூன்று முறை ஏற்றிருக்கிறார்கள்: உய்குர் எழுத்தில் ஒரு முறை, அரபு எழுத்தில் ஒரு முறை, 1928இல் இலத்தீன் எழுத்தில் ஒரு முறை. அவ்வாண்டில் வெளியேறிய எலிஃபும் அதன் இடத்தில் வந்தமர்ந்த இலத்தீன் முதலெழுத்தும் ஒரே மூதாதையின் இரு வழிப் பேரர்கள்.

இவ்வளவும் உண்மையென்றாலும், 'எலிஃப் என்றால் எருது' என்று எழுதுவது பிழை. எழுத்தின் தோற்றம் வேறு, பெயரின் பொருள் வேறு. துருக்கியர் இச்சொல்லை அரபியிலிருந்து பெற்ற காலத்தில் அதில் எருது என்னும் பொருள் மருந்துக்கும் இல்லை. அவர்கள் பெற்றது எழுத்தின் பெயரை மட்டுமே. துருக்கிமொழியில் எருதுக்கு 'ஒக்கூஸ்' என்று சொல். முரட்டு மூடனைத் திட்டவும் அதுவே பயன்படுகிறது. ஆகவே அந்த விளக்கத்தை ஓர் எலிஃபிடம் நேரில் சொல்லிப் பார்ப்பது உசிதமன்று. இன்னொரு குழப்பமும் உண்டு. திருக்குர்ஆனின் ஆறு அத்தியாயங்கள் அலிஃப், லாம், மீம் என்னும் எழுத்துகளோடு தொடங்குகின்றன. அவற்றுள் முதலாவதன் பெயர் 'அல்-பகரா', அதாவது பசு. இதை எருதோடு முடிச்சிடுவோர் இருக்கக்கூடும். அது தற்செயல் ஒற்றுமையே. அத்தியாயத்தின் பெயர் அதனுள் வரும் ஒரு பசுவின் வரலாற்றால் அமைந்தது. அத்தகைய தொடக்க எழுத்துகளிலிருந்தே ஆட்பெயரானவை 'தாஹா'வும் 'யாசீன்' என்பதும். அவை ஆண்பாற் பெயர்கள். இரண்டும் துருக்கியில் வழக்கில் உள்ளன.

தமிழில் இதற்கு ஈடான சொல் எது? எழுத்தைக் கருதினால் 'அகரம்' என்பதே. வரிசையில் முதலாவது என்னும் இடம், இறைமைக்கு ஒப்பாகச் சொல்லப்படும் பெருமை ஆகிய இரண்டும் இதற்கு உண்டு. குறளின் முதற்பாடல் எழுத்துகளுக்கு அகரம் எவ்வாறோ உலகுக்கு இறைவன் அவ்வாறு என்று ஒப்பிட்டே தொடங்குகிறது. அகரன், அகரா என்று இக்காலத்தில் குழந்தைகளுக்குப் பெயரிடுவோரும் உளர். வேறுபாடுகளையும் சொல்லிவிட வேண்டும். அலிஃப் பிறப்பால் மெய்; அகரம் உயிர். செமித்திய எழுத்துப் பெயர்கள் பொருட்பெயர்கள். அகரமோ 'அ' என்னும் ஒலியோடு 'கரம்' என்னும் எழுத்துச் சாரியை சேர்ந்த சொல், அதனுள் எருதும் இல்லை, வீடும் இல்லை. பழந்தமிழ் எழுத்தாகிய தமிழியின் தாயாகவோ உடன்பிறப்பாகவோ கருதப்படும் பிராமி எழுத்தின் அகர வடிவமே செமித்திய அலெஃபிலிருந்து வந்தது என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய அறிஞர் ஜார்ஜ் பியூலர் வாதிட்டார்; பிராமி இந்தியாவிலேயே உருவானது என்போர் அதை ஏற்பதில்லை.

ஆட்பெயரை மொழிபெயர்த்தல் கூடாது. எலிஃப் என்பவரை அகரம் என்று எழுத இயலாது. ஒலிபெயர்ப்பில் 'எலிஃப்' என்று ஆய்தமிட்டு எழுதுவதே தகும். 'எலிப்' என்று நிறுத்தினால் அடுத்துப் பொறி என்று ஏதோ வரப்போவதாக வாசகர் காத்திருப்பார். எழுத்தைக் குறிக்கும் இடத்தில் 'அலிஃப்' என்று எழுதலாம். அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத் தமிழைக் கையாண்டும் மதரசாவில் ஓதியும் வந்த தமிழ் முஸ்லிம்களுக்கு அது தலைமுறை தலைமுறையாகப் பழகிய சொல். அதனோடு இரண்டாம் எழுத்தின் பெயரைச் சேர்த்து உண்டான 'எலிஃப்பா' என்னும் துருக்கியச் சொல், முழு எழுத்து வரிசையைக் குறிக்குமிடத்தில் 'நெடுங்கணக்கு' என்றும், குழந்தைகள் குர்ஆன் ஓதப் பழகும் முதல் நூலைக் குறிக்குமிடத்தில் 'அரிச்சுவடி' என்றும் தமிழாகும். 'எலிஃபி எலிஃபினே' என்னும் தொடருக்கு 'எழுத்துப் பிசகாமல்' என்பது பொருந்தும். 'எலிஃபைக் கண்டால் உத்தரக்கட்டை என்பான்' என்று எழுத்தறியாதவரைத் துருக்கியர் சொல்லும் மரபுத்தொடருக்கு மட்டும் நம் 'அனா ஆவன்னாகூடத் தெரியாதவன்' போன்றவை முழு ஈடாகா. நிற்கும் கோட்டை மரக்கட்டையாகக் காணும் நகைச்சுவை அகரத்தின் சுழிவில் கிடைப்பதில்லை.