‘ஊருக்கே தெரியும்’ என்று உயில் எழுதாதீர்கள்

போன வாரமும் ஒரு உயில் வந்தது. இராமநாதபுரம் மாவட்டம், மண்டபம் பக்கத்து ஊர். கோடு போட்ட தாளில் அப்பா கைப்பட எழுதியது. சாட்சிக் கையெழுத்து இரண்டும் சரியாக இருக்கிறது. சிக்கல் ஒரே வரியில்: ‘என் படகு மூத்தவனுக்கு.’

எழுதிய நாளில் அவரிடம் இருந்தது வள்ளம் என்கிற சிறு படகு ஒன்றுதான். கண்ணை மூடும்போது ஒரு விசைப்படகு, ஒரு ஃபைபர் வள்ளம். “எந்தப் படகு?” என்று அண்ணனிடம் கேட்டேன்.

“என்ன சார் இப்படிக் கேக்குறீங்க? ஊருக்கே தெரியுமே, விசைப்படகுதான்.”

தம்பி வேறு வக்கீலிடம் போயிருக்கிறார். அங்கே ஊருக்குத் தெரிந்தது வள்ளமாம்.

‘ஊருக்கே தெரியும்’ என்பதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. கரையில் நின்று ‘என் படகு’ என்றால் யாருக்கும் விளங்கும். சொல்கிறவர் நிற்கிறார், படகு நிற்கிறது, கேட்கிறவருக்கு இரண்டையும் தெரியும். தாளில் எழுதிய பிறகு இதில் எதுவும் கூட வராது. அந்தத் தாளைப் பிரித்துப் படிக்கும்போது எழுதியவர் உயிரோடு இருக்க மாட்டார். படிக்கிற நீதிபதி உங்கள் கரையைப் பார்த்தே இருக்க மாட்டார்.

1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 90-ஆம் பிரிவுப்படி, வேறு நோக்கம் உயிலிலேயே தெரியாதவரை, சொத்தைப் பற்றிய வர்ணனை எழுதியவர் இறக்கும் நாளில் எதற்குப் பொருந்துகிறதோ அதைத்தான் குறிக்கும். இறந்த நாளில் இரண்டுக்குமே பொருந்தினால்? 80-ஆம் பிரிவு வெளிச்சாட்சியத்தை, அதாவது உயிலுக்கு வெளியே இருக்கும் ஆதாரத்தை, அனுமதிக்கிறது. மேரி என்று இரண்டு உறவுக்காரப் பெண்கள் இருக்க, உயிலில் ‘என் உறவுக்காரப் பெண் மேரிக்கு’ என்று மட்டும் எழுதியிருப்பது அங்கே தரப்பட்டிருக்கும் உதாரணம். பெயருக்கான இடத்தை வெற்றாக விட்டிருந்தால் அந்தக் கதவும் மூடிவிடும். (இஸ்லாமியர் உயில்களுக்கு இந்தப் பிரிவுகள் பொருந்தாது, அது தனிக் கதை.)

“சரி சார், பேரைப் போட்டுட்டா?” என்பார்கள். பெயர் போட்டால் முடிந்தது என்ற நம்பிக்கை இருக்கிறதே, அதுதான் என்னை அதிகம் படுத்துகிறது. ஏர்வாடி தர்கா இருக்கும் கரையில் எத்தனை செய்யது இபுராகிம்! ராமேஸ்வரத்தைச் சுற்றி எத்தனை ராமநாதன்! தாத்தா பெயரைச் சுமப்பதால்தான் அவன் பேரன். ஒரு வீட்டிலேயே ஒரு தலைமுறை விட்டு அதே பெயர் திரும்ப வருகிறது. தெருவில் பட்டப்பெயர் வைத்துச் சமாளித்துவிடுகிறோம். ஆனால் அந்தப் பட்டப்பெயர் ஆதாரில் இல்லை, ஆதாரில் இருக்கும் பெயர் பக்கத்து வீட்டுக்கே தெரியாது.

ஊர்ப்பெயரும் இப்படித்தான். 1985-க்கு முந்தைய பத்திரத்தில் ‘இராமநாதபுரம் மாவட்டம், திருப்பத்தூர்’ என்று இருக்கும். மாவட்டம் மூன்றாகப் பிரிந்து அந்த ஊர் இன்று சிவகங்கையில் இருக்கிறது. 2019 முதல் வட பக்கத்தில் திருப்பத்தூர் என்று ஒரு மாவட்டமே வந்துவிட்டது.

அதனால் தயவுசெய்து, படகென்றால் பதிவு எண்ணை எழுதுங்கள். நம் மாவட்ட விசைப்படகுகள் பலவற்றில் ஐஎன்டி-டிஎன்-10-எம்எம் என்று தொடங்குமே, அதுதான். பெயரை ஆதாரில் உள்ள எழுத்தின்படியே போட்டு, ‘என்கிற’ சேர்த்துப் பட்டப்பெயரையும் எழுதுங்கள். தகப்பனார் பெயர், பிறந்த தேதி இரண்டும் வேண்டும். ‘மூத்தவன்’ என்று மட்டும் எழுதாதீர்கள், இரண்டு தாரம் என்றால் இரண்டு மூத்தவன். நிலத்துக்குச் சர்வே எண், உட்பிரிவு, நான்கெல்லை மூன்றும் இருக்கட்டும். எல்லையும் அளவும் முரண்பட்டால் பெரும்பாலும் எல்லைக்குத்தான் மதிப்பு. ஆகவே ‘கிழக்கே பனைமரம்’ என்று எழுதுவதற்கு முன் அந்த மரம் இன்னும் எத்தனை நாள் நிற்கும் என்று யோசியுங்கள். புதுப் படகு வாங்கினீர்களா? உயிலையும் அன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

நேற்று அண்ணன் சாட்சிப் பட்டியலோடு வந்தார், நான்கு பேர். தம்பி பக்கம் ஐந்து பேராம். ஒன்பது பேரும் அதே ஊர்.