ஒரு டிகிரி சாய்ந்தால் போதும்

மெல்பர்ன் வாசகர் ஒருவரின் கேள்வி. கரடுமுரடான மண் பாதைகளிலும் இழுத்துப் போகக்கூடிய கேம்பர் டிரெய்லர் (காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் முகாம் வண்டி) ஒன்றை வாங்கியிருக்கிறார். வருடத்தின் பெரும்பகுதி அது வீட்டு ஓரத்தில் சும்மா நிற்கிறது. "பூட்டு இருக்கிறது. டிராக்கரும் (இருப்பிடம் காட்டும் கருவி) மாட்டலாமா? பேட்டரி எத்தனை நாள் தாங்கும்? வாங்கிய அன்றே சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கியாகிவிட்டது" என்று எழுதியிருக்கிறார்.

எலுமிச்சம்பழத்தை முதலில் முடித்துவிடுகிறேன். வீட்டுப் பெரியவர்களின் மனநிம்மதிக்காக என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. பூசை போட்ட தைரியத்தில் பூட்டு வாங்காமல் இருப்பவர்களைப் பார்த்தால்தான் எரிச்சல் வரும். திருடன் திருஷ்டியால் வருவதில்லை, டோ பால் (டிரெய்லரை மாட்டும் இரும்புக் குண்டு) பொருத்திய வண்டியில் வருகிறான்.

காரைக் கிளப்ப இன்ஜினை ஏமாற்ற வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2001 முதல் புதிய கார்களில் இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் இன்ஜினைக் கிளம்ப விடாத கருவி) கட்டாயம். டிரெய்லருக்கு இன்ஜினே கிடையாது. கொக்கியை மாட்டினால் கிளம்பிவிடும். ஆகவே கப்ளிங்குக்கு (டோ பாலைக் கவ்வும் முனைக்கு) ஒரு பூட்டு, சக்கரத்துக்கு ஒரு கிளாம்ப், இரண்டும் வேண்டும். கப்ளிங்கை டிராபாரோடு (டிரெய்லரின் முன்னால் நீளும் இழுவைத் தண்டோடு) சேர்க்கும் போல்ட்டுகளை சாதாரண ஸ்பேனரால் கழற்ற முடியாதபடி மாற்றிக்கொள்வதும் நல்லது. இல்லாவிட்டால் பூட்டிய கப்ளிங்கைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றை மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

இதெல்லாம் நேரத்தை வாங்கித் தருமே தவிர, தடுத்துவிடாது. தடிமனான, கெட்டிப்படுத்திய சங்கிலியிடம் போல்ட் கட்டர் தோற்றுவிடும். ஆங்கிள் கிரைண்டர் தோற்காது. அதன் தட்டில் இருக்கும் அலுமினியம் ஆக்ஸைடு துகள் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் 9, கெட்டிப்படுத்திய எஃகு 8 வரைதான் வரும். கடினமானது மென்மையானதைத் தேய்க்கும், அவ்வளவுதான். ஆனால் சத்தமும் தீப்பொறியுமாகச் சில நிமிடம் பிடிக்கும். அந்தச் சில நிமிடங்களில் உங்கள் போனுக்குச் செய்தி வர வேண்டும் என்பதுதான் டிராக்கரின் வேலை.

சரி, பேட்டரிக்கு வருவோம். ஜிபிஎஸ் ஏற்பி வேலை செய்யும்போது சுமார் 30 மில்லிஆம்பியர் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். 2600 மில்லிஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள ஒரு லித்தியம் செல் மூன்றரை நாளில் காலி. தகவல் அனுப்பும் மோடத்துக்கு இன்னும் பசி அதிகம். அதனால் டிராக்கர் பெரும்பாலான நேரம் தூங்கித்தான் ஆக வேண்டும். தூங்குகிறவனை யார் எழுப்புவது? முடுக்கமானி என்ற சில்லு (சிப்), அசைவையும் சாய்வையும் உணர்வது. இந்த ரகத்தில் சில, அசைவுக்காகக் காத்திருக்கும்போது 0.27 மைக்ரோஆம்பியர்தான் எடுக்கின்றன. அதே செல்லை இதற்கு மட்டும் கொடுத்தால் கணக்குப்படி ஆயிரம் வருடத்துக்கு மேல் ஓடும்! நிஜத்தில் செல் அதற்கு வெகு முன்பே தானாகக் கசிந்து செத்துவிடும்.

இந்தச் சில்லின் உள்ளே என்ன நடக்கிறது என்பது எனக்கு அலுக்காத விஷயம். சிலிக்கானில் செதுக்கிய ஒரு குட்டி நிறை, சிலிக்கான் விற்களிலேயே (ஸ்பிரிங்குகளிலேயே) தொங்குகிறது. எடை மைக்ரோகிராம் அளவில்தான். அதன் பக்கவாட்டில் வரிசையாக விரல்கள். அவற்றுக்கு நடுவே, சில்லோடு நிலையாக ஒட்டிய இன்னொரு வரிசை விரல்கள். இரண்டு சீப்புகளின் பற்களை ஒன்றுக்குள் ஒன்று தொடாமல் நுழைத்த மாதிரி. இடைவெளி ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர். ஒவ்வொரு ஜோடி விரலும் ஒரு மின்தேக்கி. நிறை நகர்ந்தால் இடைவெளி மாறும், இடைவெளி மாறினால் மின்தேக்குத்திறன் மாறும், அதைச் சுற்று அளந்துவிடும்.

நிறையை நகர்த்த வண்டி ஓட வேண்டும் என்பதில்லை. புவியீர்ப்பு எப்போதும் இழுத்துக்கொண்டேதான் இருக்கிறது. சில்லு சாய்ந்தால் அந்த இழுப்பில் ஒரு பங்கு விரல்களின் திசைக்குத் திரும்பும். இங்கேதான் திருடன் மாட்டுகிறான். டோ பாலின் விட்டம் 50 மில்லிமீட்டர். கப்ளிங்கை அதன் மேல் இறக்க வேண்டுமானால் முதலில் அதற்கு மேலே தூக்கியாக வேண்டும். ஆஃப்-ரோடு டிரெய்லர்களில் பரவலாக இருக்கும் டிஓ35 போன்ற கப்ளிங்குகளிலும், குண்டுக்குப் பதிலாக நிமிர்ந்து நிற்கும் ஓர் இரும்பு முளையின் மேல்தான் இறக்க வேண்டும். டிராபாரின் முனை 5 சென்டிமீட்டர் உயர்கிறது, சக்கர அச்சிலிருந்து அது 3 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று கொள்ளுங்கள். டிரெய்லர் முழுவதும் கிட்டத்தட்ட ஒரு டிகிரி சாயும்.

ஒரு டிகிரி சாய்வில் டிராபாரின் நீளவாக்கில் புவியீர்ப்பின் அறுபதில் ஒரு பங்கு தெரியும். விற்களின் இயற்கை அதிர்வெண் 3 கிலோஹெர்ட்ஸ் என்றால், அதாவது தட்டிவிட்டால் நொடிக்கு மூவாயிரம் முறை ஆடும் அளவுக்கு அவை விறைப்பு என்றால், அதற்கு நிறை நகரும் தூரம் 0.46 நானோமீட்டர். சிலிக்கான் படிகத்தில் அடுத்தடுத்த இரண்டு அணுக்களுக்கு நடுவே 0.235 நானோமீட்டர். அதாவது இரண்டு அணு இடைவெளி! இவ்வளவு சின்ன நகர்வை நள்ளிரவில், மழையில், ஒரு தகரப் பெட்டிக்குள் உட்கார்ந்து அளக்கிறது, நூற்றுக்குக் குறைவான ரூபாய்க்குக்கூடக் கிடைக்கும் ஒரு பொருள். பல விரல்களின் மாற்றத்தைக் கூட்டி, பல அளவீடுகளைச் சராசரி எடுப்பதால் அணுக்களின் வெப்ப நடுக்கம் அடங்கிவிடுகிறது.

இதில் ஒரு நுணுக்கம். செங்குத்துத் திசையைப் பார்க்கும் விரல்களுக்கு இந்தச் சாய்வு ஏறக்குறைய தெரியாது. கிடைத் திசையில் சைன், செங்குத்தில் கொசைன். சிறிய கோணத்தில் சைன் உடனே ஏறத் தொடங்கும், கொசைனோ ஒன்றிலிருந்து இறங்கவே யோசிக்கும். ஒரு டிகிரிக்கு சைன் மாறும் அளவு, கொசைன் மாறும் அளவைப் போல நூறு மடங்குக்கு மேல். பள்ளியில் மனப்பாடம் செய்த அட்டவணை இப்படி ஒரு டிரெய்லரைக் காப்பாற்றும் என்று யாராவது அப்போதே சொல்லியிருக்கலாம்.

கூரையில் போசம் (ஆஸ்திரேலியாவின் மரமேறும் சிறு விலங்கு) ஓடினாலும் காற்று அடித்தாலும் டிரெய்லர் ஆடும், ஆனால் பழைய நிலைக்கே திரும்பிவிடும். சராசரி மாறாது. தூக்கியது அப்படியே நிற்கும். இன்னொரு தொல்லை வெயில். சில சில்லுகளில் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் அளவு புவியீர்ப்பில் ஈராயிரத்தில் ஒரு பங்கு வரை நகரும். காலையிலிருந்து மதியத்துக்குள் 30 டிகிரி ஏறினால், சில்லுக்கு அது கிட்டத்தட்ட யாரோ டிராபாரைத் தூக்கிய மாதிரியே இருக்கும். தப்பிக்க வழி நேரம்தான். சூரியன் மணிக்கணக்கில் செய்வதைத் திருடன் நொடிக்கணக்கில் செய்கிறான். மெதுவான மாற்றத்தை மறந்து, வேகமான மாற்றத்துக்கு மட்டும் விழித்துக்கொள்ளும்படி நிரல் எழுதினால் போதும்.

1979இல் ஸ்டான்ஃபோர்டில் ராய்லான்ஸும் ஏஞ்சலும் சிலிக்கானில் முடுக்கமானி செய்தபோது டிரெய்லர் திருட்டை நினைத்திருக்க மாட்டார்கள். அது காரின் ஏர்பேக்குக்குப் போய், போனுக்குப் போய், விலை இறங்கி இங்கே வந்திருக்கிறது. ஆராய்ச்சிக்குப் பணம் கேட்கும்போதெல்லாம் "உடனடிப் பயன் என்ன?" என்று ஒரு கட்டம் வைத்த விண்ணப்பத்தை நீட்டுகிறவர்களுக்கு இதைத்தான் காட்ட வேண்டும்.

விழித்த பிறகு நடப்பது சுருக்கம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தை 30 நொடிக்கு ஒருமுறை அனுப்பும், அதற்காகக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். பிறகு மொபைல் வலையில் செய்தி போகும். ஆஸ்திரேலியாவில் 2024 இறுதியோடு 3ஜி மூடப்பட்டுவிட்டதால், பழைய 3ஜி டிராக்கரை யாராவது மலிவாகத் தள்ளிவிடப் பார்த்தால் வாங்காதீர்கள். கவரேஜ் இல்லாத உள்நாட்டுப் பகுதியில் முகாமிட்டால் செயற்கைக்கோள் வழி அனுப்பும் ரகம் வேண்டும்.

வாங்கும்போது சாய்வை உணருமா, அதிர்வை மட்டும்தானா என்று கேளுங்கள். பொருத்தும் இடத்தைப் பற்றி ஒரு நல்ல செய்தி: விறைப்பான பொருள் சாய்ந்தால் அதன் எல்லாப் புள்ளிகளும் ஒரே கோணம்தான் சாயும். ஆகவே திருடன் முதலில் தேடும் டிராபார் பெட்டியில் வைக்கத் தேவையில்லை. பின்கோடியில், சட்டத்தோடு இறுக்கமாக, ஆனால் மேலே அலுமினியத் தகடு மூடாத இடத்தில் வையுங்கள், உலோகம் ரேடியோ அலையை விடாது. வைத்துவிட்டு ஜாக்கி வீலின் (முன்பக்கத்தைத் தாங்கும் சிறு சக்கரத்தின்) கைப்பிடியைச் சுற்றி முன்பக்கத்தை 5 சென்டிமீட்டர் உயர்த்திப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் போன் அடிக்கவில்லை என்றால் எச்சரிக்கைக் கோணத்தை அரை டிகிரிக்குக் குறைத்து மறுபடி உயர்த்திப் பாருங்கள்.