ரூலெட்: சிறுசக்கரமும் உருளாயமும்

சூதாட்டக் கூடத்து மேசையில் சுழலும் எண்சக்கரத்தையும் அதைக்கொண்டு ஆடும் ஆட்டத்தையும் குறிக்கும் ‘ரூலெட்’ என்னும் பிரெஞ்சுச் சொல்லின் நேர்ப்பொருள் ‘சிறு சக்கரம்’ என்பதே. சக்கரத்தைக் குறிக்கும் ‘ரோட்டா’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து ‘ரோட்டெல்லா’ தோன்றியது. அது பிரெஞ்சில் ‘ரூயெல்’ எனத் திரிந்து, சிறுமையை உணர்த்தும் ‘எட்’ என்ற விகுதியை ஏற்று ‘ரூலெட்’ ஆயிற்று. நாம் நன்கறிந்த சிகரெட், கேசட் ஆகிய சொற்களின் ஈற்றில் நிற்பதும் இவ்விகுதியே. முன்னது சிறு சுருட்டு, பின்னது சிறு பெட்டி.

இச்சொல் சூதுக்கு மட்டும் உரியதன்று. தாளிலும் தோலிலும் புள்ளிக்கோடு இடப் பயன்படும் பல்வைத்த சிறு சக்கரத்துக்கும் இதுவே பெயர். உருளும் சக்கரத்தின் விளிம்பிலுள்ள ஒரு புள்ளி வரைந்து செல்லும் வளைகோட்டையும் 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கணிதர்கள் ‘ரூலெட்’ என்றே அழைத்தனர். அவர்களுள் ஒருவரான பிளேஸ் பாஸ்கல் 1658இல் எழுதிய ‘ரூலெட்டின் வரலாறு’ அந்த வளைகோட்டைப் பற்றியது, சூதாட்டத்தைப் பற்றியதன்று. இந்த ஆட்டத்தைப் பாஸ்கலே கண்டுபிடித்தார் என்று இன்றும் பலர் எழுதுவதற்கு இந்தப் பெயர் ஒற்றுமையும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன். ஒரு சொல்லின் பல பொருள்களைப் பிரித்தறியாவிட்டால் வரலாறே பிழைபடும் என்பதால்தான் இதை இங்கே சற்று விரித்துரைக்கிறேன்.

இனி ஆட்டம். ஐரோப்பிய முறைச் சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 குழிகள் உண்டு; 18 சிவப்பு, 18 கறுப்பு, சுழி மட்டும் பச்சை. ஆடுவோர் தனி எண்ணின்மீதோ, எண் தொகுதியின்மீதோ, சிவப்பு, கறுப்பு, ஒற்றை, இரட்டை ஆகியவற்றின்மீதோ பணயம் வைப்பர். ஆட்டத்தை நடத்துபவர் சக்கரத்தை ஒரு திசையிலும் சிறு பந்தை அதற்கு எதிர்த்திசையிலும் சுழலவிடுவார். பந்து தங்கும் குழியின் எண்ணே வெற்றி எண். தனி எண்ணில் வென்றவருக்குப் பணயம் திரும்பக் கிடைப்பதோடு அதைப்போல் 35 மடங்கும் கிடைக்கும். ஆனால் குழிகள் 37 ஆதலால், இலாபமும் நட்டமுமின்றிச் சரியாக நிற்க 36 மடங்கு தரவேண்டும். அந்த ஒரு மடங்குக் குறைவே கூடத்தாரின் ஆதாயம். அது சராசரியாகப் பணயத்தில் ஏறத்தாழ 2.7 விழுக்காடு. இரட்டைச் சுழியும் சேர்ந்த அமெரிக்கச் சக்கரத்தில் குழிகள் 38 ஆவதால், அது ஏறத்தாழ 5.26 விழுக்காடாக உயர்கிறது.

தமிழில் இதனை எவ்வாறு வழங்குவது? ‘சக்கரச் சூது’ என்பது பொருள் விளங்கும் பெயர். ஆயினும் ‘சக்கரம்’ வடசொல். தூய தமிழில் ஆழி, திகிரி ஆகிய சொற்கள் இருப்பினும், ‘ஆழிச்சூது’ என்றால் இக்காலத்தவர் கடலை நினைப்பர். எனக்கு மிகவும் பொருத்தமாகத் தோன்றுவது குறளிலேயே இருக்கிறது:

“உருளாயம் ஓவாது கூறின் பொருளாயம்
போஒய்ப் புறமே படும்” (933)

‘உருளாயம்’ என்பதற்கு உருளும் கவற்றால் (சூதாடும் காயால்) வரும் ஆயம், அதாவது வருவாய், என்று உரையாசிரியர் பொருள் கொண்டனர். கவறு உருண்ட இடத்தில் இப்போது பந்து உருள்கிறது. உருள்வதை நம்பிப் பொருள் வைப்பது மட்டும் மாறவில்லை. பிரெஞ்சுச் சொல்லின் வேரும் உருளும் சக்கரமே ஆதலால், ‘உருளாயம்’ ஒலியிலும் கருத்திலும் அதற்கு அணுக்கமாக நிற்கிறது. பழஞ்சொல்லுக்குப் புதுப்பொருள் ஏற்றுவது தமிழுக்குப் புதிதன்று. சூதாடுமிடத்தைக் குறிக்கக் குறள் ஆண்ட ‘கழகம்’ இன்று கட்சிகளையும் பல்கலைக்கழகங்களையும் குறிக்கிறதல்லவா?

பொதுவாசகருக்கு எழுதுங்கால் முதலில் ‘உருளாயம் (ரூலெட்)’ என எழுதி, பின்னர் ‘உருளாயம்’ என்றே தொடரலாம். சக்கரத்தைத் தனியே சுட்ட ‘உருளாயச் சில்லு’ என்பது போதும்.